நல்ல தண்ணீர்

மாரண்டஅள்ளி தாண்டி, கைவிட்ட குவாரியின் தரையில்
நூற்றெண்பது அடிக்குக் கீழிருந்து ஏறிவரும் தண்ணீரைக்
காற்றுப் படாமல் குப்பியில் பிடிக்கிறேன்.
காற்றுப் பட்டால் கரைந்திருக்கும் இரும்பு துருவாகி
இல்லாத கூழ்மத்தை இருப்பதாகக் காட்டும்.
என் அவசரத்தை நானே எண்ண வேண்டி வரும்.

பார்வைக்குக் குப்பி சுத்தம்.
பச்சை லேசரை உள்ளே விட்டால்
தெளிவுக்குள் ஒரு கோடு எரிகிறது,
ஓட்டை ஓட்டுவழி இறங்கும் வெயிலில்
தூசி தெரிவதுபோல.
ஒரு சொட்டில் எத்தனை லட்சம்.
கரையவும் மாட்டா. விழவும் மாட்டா.
எல்லாவற்றின் மேலும் ஒரே எதிர்மின்;
ஒன்றை ஒன்று கிட்டே அண்டவிடாமல்
தள்ளித் தள்ளியே மிதக்கின்றன.
இப்படிச் சேராதிருப்பதற்குத்தான்
நிலைத்தன்மை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"இங்க எதாச்சும் பொதைக்கப் போறீங்களா?"
வாட்ச்மேன் சென்றாயன் கேட்டான்.
இல்லை என்றேன். உண்மைதான்.
எங்கோ, இன்னும் எவரும் தேர்ந்தெடுக்காத பாறையில்
லட்சம் வருஷம் கிடக்க வேண்டிய ஒன்றுக்காக
இந்தப் பாறையைக் கேள்வி கேட்கிறோம், அவ்வளவே.
தலையாட்டினான்.
ஆட்டிக்கொண்டே ஜீப் நம்பரைக் குறித்துக்கொண்டான்.

கண்ணாடியாய் உருக்கிய அணுக்கழிவு,
அதற்கு உலோகச் சட்டை,
சட்டைக்கு மேல் பென்டோனைட் களிமண்.
நனைந்தால் ஊதிப் பெருத்து விரிசலை அடைக்கும் மண் அது.
அந்த மண்ணையே தண்ணீர் இழை இழையாய் உரித்தால்
காவலுக்கு வைத்தவன்
புளூட்டோனியத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு
பாறைச் சந்துவழி நடையைக் கட்டிவிடுவான்.

"அப்ப இந்த உப்புத் தண்ணிதான் டேஞ்சரா மேடம்?"
"உப்புத் தண்ணி காப்பாத்தும்.
கால்சியம் இருந்தா மண்ணு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடங்கிக் கெடக்கும்.
பயம் நல்ல தண்ணிக்குத்தான்."

சிரித்துவிட்டான்.
பல்வரிசை நெடுகப் பழுப்புக் கோடுகள்.
ஆழ்துளைத் தண்ணீர் அவன் ஐந்து வயதில் போட்ட கையெழுத்து.
லாரி வராத மூன்றாம் நாள் அன்று;
அவன் தெருவில் குடங்கள் மட்டும் வரிசையில் நின்றன.
உப்பில்லாத மழை ஆழம்வரை இறங்கும் ஒரு காலத்தை எண்ணி
எங்கள் கணினி மாதக்கணக்காய் நடுங்குகிறது.
அதே மழையைத்தான் அந்தத் தெரு
வாய்விட்டுக் கூப்பிடுகிறது.

"தேத்தாங்கொட்டை உரசிப் பாத்தீங்களா?
எந்தக் கலங்கலும் தேறிடுமே."
பார்த்திருக்கிறேன். சொல்லக் கூச்சம்,
பத்துக் கோடி ரூபாய்க் கருவிக்குப் பக்கத்தில்
பீக்கரின் உட்சுவரில் உரசி.
நாற்பது நிமிஷத்தில் அடங்கிற்று.
லட்சம் வருஷத்துக்கு எத்தனை கொட்டை என்று
அவனும் கேட்கவில்லை.

ஆய்வறையில் இப்போது ஒரே ஒரு குப்பி:
குவாரித் தண்ணீர், ஒரு சிட்டிகை களிமண்.
மண் அடியில் படுத்துவிட்டது.
ஜோடிக் குப்பி இன்னும் காலி. அதற்கு மழை வேண்டும்.

பாலக்கோடு ரயில்வே கேட்டில் பிடித்தது.
வீடுகளுக்குள்ளிருந்து அண்டா, வாளி, பெயிண்ட் டப்பா
எல்லாம் தெருவுக்கு ஓடிவந்தன.
நானும் கண்ணாடியை இறக்கிக் குப்பியை நீட்டினேன்.
பக்கத்தில் சட்டை நனைய ஒரு சிறுமி
இட்லிப் பானையோடு நின்று
என் குப்பியின் அளவைப் பார்த்து
கொஞ்சம் பரிதாபப்பட்டாள்.

லேபிளில் இடம் எழுதினேன், நேரம் எழுதினேன்.
நீரின் வகை என்ற கட்டத்தில்
பேனா சற்று நின்று,
மை ஊறிப் பரவுமுன்
அவர்கள் வார்த்தையையே எழுதியது.