விலை சொன்ன பிறகு

வெள்ளிக்கிழமை கடைசி மணியில்
காமர்ஸ் துறையிலிருந்து ஜெசிந்தா மிஸ் வருவார்.
செருப்போடு ஆடுகளத்துக்குள் நுழைந்ததற்கு
முதல் வாரம் முணுமுணுத்தோம்.
இரண்டாம் வாரம் வெளியே கழற்றிவிட்டு வந்து
வெறுங்காலோடு கேட்டார்:
அரை மணி நேர ஆட்டத்துக்கு உங்கள் செலவு என்ன?

பூ என்றோம். பஸ். வாடகை நகை.
சலங்கைத் தோல் அறுந்தால் செருப்புக் கடைக்காரருக்கு ஐம்பது.
ஊக்கு.
ஊக்கு எத்தனை என்றார்.
யாருக்கும் தெரியவில்லை.
எத்தனை வருஷமாய்க் குத்திக்கொள்கிறோம்,
எண்ணியதில்லை.

ஒத்திகை நேரத்தைத் தனிப் பத்தியில் எழுதச் சொன்னார்.
துளசிமணி எழுதிக்கொண்டே இருந்தாள்,
பக்கம் திருப்பினாள்,
பேனாவை மூடிவிட்டுத்
தண்ணீர் குடிக்கப் போனவள்
அந்த மணி முழுக்கத் திரும்பவில்லை.

நிஜமான வாடிக்கையாளர் ஒருவருக்குப் பத்து மதிப்பெண்.
எனக்கு வாய்த்தவர் ஔசேப்பு முதலாளி,
கொழிஞ்சாம்பாறையில் டிராக்டர் ஷோரூம் திறக்கிறவர்.
மிஸ் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்:
விலையைச் சொல். அப்புறம் வாயைத் திறக்காதே.
முதலில் பேசுகிறவர்தான் இறங்குவார்.

நாலு பேர், அரை மணி, பதினெட்டாயிரம்,
பாதி முன்பணம் என்றேன்.
பிறகு நின்றேன்.
நிற்பது எனக்குத் தெரியும்.
அரைமண்டியில் மூன்று வருஷம் நின்றவள்,
தொடை நடுக்கம் முகத்துக்கு ஏறாமல்.
ஃபேன் சுற்றியது.
கள்ளு வண்டியொன்று சித்தூர்ப் பக்கம் போனது.
"போன வருஷம் தம்பி கடைக்கு
ஸ்கூல் பிள்ளைகள் ஒரு டப்பா லட்டுக்கு ஆடினார்கள்" என்றார்.
பெருவிரலால் தரையில்
ஆதி தாளம் இரண்டு சுற்று போட்டேன்.
"பதினஞ்சு."
இன்னொரு சுற்று.
"சரி, பதினாறு. சாயா குடிக்கு, மோளே."

குடித்தேன். சர்க்கரை அதிகம்.

வவுச்சரில் மலையாளத்தில் எழுதினார்: சம்பாவன.
செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், என் வீட்டில்,
சம்பாவனை என்பது வெற்றிலைத் தட்டில்
வித்துவானுக்கு வைக்கிற தொகை.
இவருக்கு அது நன்கொடை,
கட்சிக்காரன் கிழித்துத் தருகிற ரசீதில் இருக்கும் சொல்.
வேலந்தாவளம் தாண்டுவதற்குள்
வாங்கியவளை இரந்தவளாக்கிவிடுகிறது.

இதை மாற்றணும் என்றேன்.
"பின்னெ எந்தா எழுதேண்டது?"
மிஸ்ஸுக்கு அழகான சொல் ஏதாவது தெரிந்திருக்கும்.
எனக்கு வந்தது, சனிக்கிழமை சாயங்காலம்
தேங்காய்க் களத்தில் அம்மா எண்ணி வாங்குவது.
கூலி.
இரண்டு பக்கமும் அதற்கு ஒரே அர்த்தம்.
"கூலியோ? டான்ஸினோ?"
திரும்பவும் நின்றேன்.
வெட்டினார். எழுதினார்.
எழுத்து கொஞ்சம் கோணல்.

ஞாயிற்றுக்கிழமை
இரண்டு பச்சை டிராக்டர்களுக்கு நடுவே ஆடினோம்.
டீசல் வாடை. வழவழ டைல்ஸ்.
ரம்சீனா ஒருமுறை வழுக்கினாள்,
அதையும் அடவாக்கிக்கொண்டாள்,
முதலாளி அங்கேதான் கைதட்டினார்.

மிஸ் பத்துக்கு எட்டு போட்டார்.
இறங்கியதற்கு ஒன்று கழித்தார்,
தேதி எழுதி வாங்காததற்கு இன்னொன்று.
வவுச்சரை நோட்டில் ஊக்கால் குத்தினேன்.
பாக்கெட்டில் இன்னும்
இருபத்து மூன்று.