அரைப்பேர்

பொகவந்தலாவை, மேற்பிரிவு, ஆறாம் லயம்.
ஞாயிறு, காலை பத்து ஐம்பது.

மூடுபனி நிற்கும்வரை எனக்கு வேலையில்லை.
முகத்தின் எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சத்தைப்
பாரபட்சமில்லாமல் மெழுகிவிடும் அது.
கன்னம் எங்கே முடிந்து காது எங்கே தொடங்குகிறதென்று
கெமராவுக்கே சந்தேகம் வரும்.

கொழும்பிலிருந்து வந்த மிஸ்ஸுக்கு அது சரிவரவில்லை.
"உள்ளே, கதவோரமாக. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம்.
மற்றப் பக்கம் கறுப்பாகவே போகட்டும்.
அட்டைக்கு."
அட்டைக்கு என்றபோது
காற்றில் விரலால் ஒரு சதுரம் போட்டார்.

கவிழ்த்த மண்ணெண்ணெய் டின்னில்
தவமலர் உட்கார்ந்தார்.
இடது பாதி தெரிந்தது.
வலது பாதி புகை பிடித்த சுவரோடு சேர்ந்துகொண்டது.
மூக்கின் நிழல் மேலுதட்டைக் கடந்து
வாயின் மூலையில் போய் நின்றது.

நல்ல படம்தான், பொய் சொல்ல மாட்டேன்.
பரிசு வாங்கக்கூடிய படம்.
இதற்கு முன் நாலு பேரை அப்படி எடுத்திருக்கிறேன்.
நாலு பேருக்கும் காட்டியதில்லை.

இவர் கேட்டார். காட்டினேன்.
கொழுந்து நிறுக்கிற இடத்தில்
முள்ளைப் பார்க்கிற பார்வை அது.

"ரெண்டு கிலோ கொறைஞ்சா
அரைப்பேரு போடுறாங்க.
இங்கயும் அரை மூஞ்சியா?"

பிறகு, அதைவிடக் கோபமாக:
"மூக்குத்தி எங்க?
அடகுலருந்து மீட்டு ஒம்பது நாளுதான் ஆவுது."

மிஸ் போன் பேச வெளியே போயிருந்தார்.
(சிக்னல் கோயிலடியில் மட்டும்தான்.)

வெளிச்சம் திருப்பும் பலகையை
ஹட்டனிலேயே விட்டுவந்தது என் பிழை.
உரப்பையின் உட்புறம் வெள்ளைதான், ஆனால் ஒரே ஈரம்.
நீலத் தறப்பாள் கன்னத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.
வெளியே உட்கார வைத்தாலோ
தேயிலைப் பச்சை தாடைக்கு அடியில் ஏறும்.
எத்தனை கல்யாண அல்பத்தில்
அந்தப் பச்சையைச் சுரண்டியிருக்கிறேன்!

அப்போது அறநெறி வகுப்பு விட்டு
வெள்ளைச் சட்டையில் வந்து நுழைந்தாள் டிலோஜினி.

"அங்கேயே நில்லு."

சட்டகத்துக்கு வெளியே, அம்மாவின் வலப்பக்கம்.
மூடுபனி விலகிய ஏழெட்டு நிமிட வெயில்
கதவால் வந்து
அவள் நெஞ்சில் பட்டு
திரும்பி நடந்தது.

முதலில் கன்னத்தின் எலும்பு வந்தது.
பிறகு கண்ணுக்குக் கீழே ஒரு மடிப்பு.
பிறகு, சிவப்புக் கல்.

மகள் கிட்ட வந்தால் எல்லாம் தட்டை.
தலைக்கயிறு அழுத்தி அழுத்தி
நெற்றிக்கு மேலே விழுந்த பள்ளம்கூட
நிரம்பிப் போகிறது.
தூர நின்றால் மறுபடி சுவர்.

புத்தகத்தில் இதற்குக் கணக்கு உண்டு:
ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு நாலு.
பன்னிரண்டு வருடம் அந்தக் கணக்கை
முகத்துக்குச் சொந்தக்காரரைக் கேளாமல் போட்டவன் நான்.
அன்று தவமலர் போட்டார்,
ஒவ்வொரு தடவையும் கெமராவை வாங்கிப் பார்த்து.

"கிட்ட வா. ஐயோ, ரொம்ப.
பவுடர் அப்புன மாதிரி.
பின்னுக்குப் போ புள்ள. இன்னும் ஒரு சாண்.
ஆ, அது."

நிழல் அங்கேயேதான் இருந்தது.
உள்ளே ஆள் இருந்தது தெரிந்தது.

மிஸ் திரும்பி வந்து பார்த்தார்.
"சந்தோஷமா இருக்கிறாங்களே" என்றார்,
குறை கண்டுபிடித்த குரலில்.
அட்டைக்கு வேறு தோட்டத்துக்குப் போனோம்.
போனோம் என்றால், நானும்தான்.

இரவு ஹட்டனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன்.
வலது கருவிழியில் அரிசியளவு வெள்ளை.
இன்னும் பெரிதாக்கினேன்.

ஒற்றைக் காலில் நிற்கிறாள் டிலோஜினி,
மற்றக் காலால்
அட்டை கடித்த இடத்தைச்
சொறிந்துகொண்டு.