நிறம் கொஞ்சம் இறங்கும் அக்கா

மத்திய வீதிக் கடைப் பெடியன் பொய் சொல்லவில்லை.
"நிறம் கொஞ்சம் இறங்கும் அக்கா,
முதல் தண்ணியில தனியாப் போடுங்கோ."
இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.
செம்மஞ்சள் காற்சட்டை.

தெம்பிலித் தோல் என்று சொல்லிப் பார்த்தேன்,
அதைவிடக் கூட.
துறைமுகத்தில் மிதவை கட்டியிருப்பார்களே,
கப்பல் தூரத்திலேயே கண்டு விலக வேண்டுமென்று,
அந்த நிறம்.
விலகுவதற்கான நிறத்தை
நெருங்கிப் பார்க்க வாங்கினேன்.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டையோடு.
நீர்வழங்கல் சபை, மூன்றாம் கவுண்டர்.
கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவளுக்கு
இடுப்புக்குக் கீழே ஏது நிறம்?
பில் கட்ட வந்தவர்கள் மிச்சக் காசைத்தான் எண்ணினார்கள்.
பிரிண்டர் வரை எழுந்து நடந்த ஒன்பது அடியில்
வரிசை முழுக்கத் திரும்பியது.

"கொடியில எங்களுக்கெண்டு விட்ட கோட்டை
முழுசா வெட்டித் தைச்சிட்டீரோ?"
என்றார் ஸ்டோர்ஸ் அரியநாதன்.
சிரித்தேன்.
பதில் இரவு சோறு வடிக்கும்போதுதான் வந்தது:
அது ஒடுக்கமான கோடு ஐயா,
எனக்கு ஒரு காலுக்கே காணாது.

கறுப்போடு போடவில்லை.
ஏனென்று இந்த ஊரில் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ஊதாவோடு போட்டேன், கோயில் சப்பறம்.
றோஸோடு ஒருநாள் துணிந்தேன்,
ஓட்டோக்காரர் அனுராதபுரச் சந்தியில் திரும்ப மறந்து
நேரே போனார்.

"சாம்பலோட போட்டுப் பாருங்க" என்றாள் றஸ்மியா.
கிண்ணியாப் பாலம் கடந்து வேலைக்கு வருகிறவள்.
கறுப்பு அபாயாவின் கைவிளிம்பில்
ஒரு விரல் அகலம் கிளிப்பச்சை வைத்துத் தைத்தவள்.
ஒரு விரல் அகலத்தில் எவ்வளவு சொல்லலாம் என்று
அவளுக்குத் தெரியும்.
"நெருப்புக்குச் சாம்பல விட்டா வேற ஆரு சொந்தம்?"

சாம்பல் சரிவந்தது.
நிறம் சத்தம் போடாமல் நின்றது,
ஆனால் நின்றது.

பிறகு அந்தச் சனிக்கிழமை.
தனியாகப் போட மறந்தேன்.
வாளிக்குள் வாகீசனின் வெள்ளைச் சேட்டும் கிடந்தது.
கணிதம் படிப்பிக்கிற மனுஷன்,
பதினொரு வருடமாக வெள்ளை,
கரும்பலகைக்கு எதிர்க்கணியம் மாதிரி.

கொடியில் அது காய்ந்தபோது
டச்சுக்குடாவில் சூரியன் வருவதற்குச் சற்று முன்
தண்ணீரின் ஓரம் எப்படி இருக்குமோ அப்படி.
கழுத்துப்பட்டியில் மட்டும் கொஞ்சம் கூட.
"புதுசு வாங்கித் தாறன்" என்றேன்.
"புளிபோட்டு ஊறவிட்டுப் பாக்கிறன்" என்றேன்.
அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து
நெடுநேரம் பார்த்தார்,
விடைத்தாளில் பிழையான வழியில் சரியான விடை
வந்திருந்தால் பார்ப்பாரே, அப்படி.

திங்கள் காலை அலுமாரிக்குள்ளிருந்து குரல்.
"இதுக்கு எது சேரும்?"

பதினொரு வருடத்தில் இந்த மனுஷன்
என்னிடம் கேட்காத கேள்வி.
கையில் தோசைக்கரண்டியோடு போய் நின்றேன்.
மூன்று கறுப்பு, ஒரு மண்ணிறம்,
கலியாணத்துக்குத் தைத்த சாம்பல் ஒன்று,
இடுப்பு இறுக்கம்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார்.

உட்துறைமுக வீதியில் மோட்டார் சைக்கிள்.
குப்பைத்தொட்டியடியில் ஒரு மான்
பழைய கொப்பி ஒன்றை மென்றபடி நிமிர்ந்தது.
சிவப்பு விளக்கில் நின்றோம்.
அவர் முதுகும் என் முழங்காலும்
ஒரே வாளித் தண்ணீர்.
பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒரு பொடியன்
"சேர்!" என்று கத்தினான்.
அவர் திரும்பவில்லை.
காது மட்டும் மெல்ல
நிறம் மாறியது.