டி பாகம்

அக்டோபர் பதினைந்திலிருந்து டிசம்பர் ஏழு வரை
இந்த ஊரில் எனக்குக் கொஞ்சம் மவுசு.
மற்ற மாதங்களில் நான்
இரும்புச் சுரங்க அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம்
சம்பளக் கணக்கு எழுதி ஓய்ந்தவள், அவ்வளவுதான்.

இஷ்பெமிங் நூலகத்தின் அடித்தளம்.
ஒரு மடிக்கணினி.
மை தீர்ந்துவிட்டதென்று பொய் சொல்லும் ஒரு பிரின்டர்.
பூட்ஸில் ஒட்டிய பனி உருகி
நாற்காலிக் கால்களைச் சுற்றிக் குட்டை கட்டும்.

எந்தத் திட்டம் நல்லது என்பார்கள்.
சொல்லக் கூடாதென்பது விதி.
காட்டலாம், கூட்டிக் கழிக்கலாம்,
கையெழுத்து அவர்களுடையது.

ஏ பாகம் ஆஸ்பத்திரிக்கு.
பி பாகம் டாக்டருக்கு.
டி பாகம் மருந்துக்கு.
சி எங்கே என்று கேட்டால்
உங்கள் தபால்பெட்டியை அடைத்துக்கொண்டு
பல்லைக் காட்டிச் சிரிக்கிறதே,
அதில் பாதி சி-தான் என்பேன்.

(போன வருடம் எல்மைரா பெல்தியேக்கு
மாதத் தவணையை மட்டும் பார்த்தேன்.
அவள் மருந்துக்கடை அந்தத் திட்டத்தில் உண்டா என்று பார்க்கவில்லை.
ஜனவரி இரண்டாம் தேதி கவுன்ட்டரில் நின்றபடி போன் செய்தாள்.
திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.)

பதினேழாம் எண்: ரெய்னோ ஹௌதலா, டெல்ஃபீன் ஹௌதலா.
இரண்டு பேருக்கும் ஒரே உறையில் காகிதங்கள்.
"ஒரே கார்டாகப் போட முடியாதா?
கம்பெனி கார்டில் நாற்பத்திரண்டு வருடம்
ஒன்றாகத்தானே இருந்தோம்."
முடியாது, ரெய்னோ.
இந்தப் படிவத்தில் தம்பதி என்று ஒரு கட்டமே இல்லை.
ஆளுக்கொரு எண், ஆளுக்கொரு மருந்துப் பட்டியல்,
ஆளுக்கொரு திட்டம்.

முதலில் அவள் பட்டியல்.
பள்ளிப் பேருந்து ஓட்டிய கையெழுத்து, திருப்பங்களில் சாய்கிறது.
ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை:
தினம் ஒன்று என்று எழுதியிருந்தாள்.
பையிலிருந்து குப்பியை எடுத்தேன்.
தினம் இரண்டு என்றது லேபிள்.
மாதாமாதம் அறுபது வாங்கியிருக்கிறாள், தவறாமல்.

கணக்கு இடித்தது.
முப்பது எங்கே போகிறது என்று
சம்பளப் பட்டியலைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டேன்.

அவள் அவருடைய பூட்ஸைப் பார்த்தாள்.
அவர் பிரின்டரைப் பார்த்தார்.

"காலையில் எனக்கு," என்றாள்,
"ராத்திரி அவருக்கு."

அவருக்கும் அதே மருந்துதான் எழுதினாராம் டாக்டர்.
ஏப்ரலில் ஒருநாள் கவுன்ட்டரில் விலையைக் கேட்டு,
சரி அப்புறம் வருகிறேன் என்று சொல்லி,
ஒரு பாக்கெட் மீன்தூண்டில் முள் வாங்கிக்கொண்டு
வீடு திரும்பியிருக்கிறார்.
அன்றிரவே அவள் பாகம் பிரித்துவிட்டாள்.
சரிபாதி.
எந்தச் சட்டத்திலும் இல்லாத பாகப்பிரிவினை.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
தெரிந்ததைச் சொன்னேன்:
பாதி மாத்திரை பாதிக் காவல் அல்ல.
இரண்டு இதயங்களும் இப்போது கதவைத் திறந்துவைத்துத் தூங்குகின்றன.
நாளைக் காலை டாக்டர் அலுவலகம் திறந்ததும் போன் செய்யுங்கள்,
மறைக்காமல் சொல்லுங்கள்,
கூச்சத்துக்கு எந்தத் திட்டத்திலும் காப்பீடு இல்லை.

பிறகு அவர் பெயரில்
அந்த மருந்தை முதல்முறையாகத் தட்டினேன்.
தினம் இரண்டு.
திரை வெகுநேரம் சுழன்றது.
அவருக்கு மலிவாக வந்த திட்டம் அவளுடையதல்ல.
கடையும் வேறு, பதினைந்து மைல் தள்ளி மார்க்கெட்டில்.
மாதம் நாற்பத்தேழு டாலர்.
குறைந்த வருமானத்துக்கு உதவி உண்டு, மனுப் போடுவோம்,
கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ரெய்னோ தாடையைத் தேய்த்தார்.
"எழுதுங்கள்," என்றாள் டெல்ஃபீன்,
அவர் வாய் திறப்பதற்குள்.

பிரின்டர் மை இல்லை என்றது.
ஒரு தட்டு தட்டியதும் இருந்தது.
தாளின் அடியில் சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்:
ஜனவரியில் முதல் தடவை விலை அதிகமாகச் சொல்வார்கள்.
கழிவுத்தொகை தீரும்வரை அப்படித்தான்.
எனக்குப் போன் செய்யுங்கள்.
இந்த முறை கவுன்ட்டரிலிருந்து
தூண்டில் முள்ளோடு திரும்பி வராதீர்கள்.