முள்பூ

கொருக்குப்பேட்டை கோடவுனில்
கிலோ கணக்கில் பிரிகிறது கப்பல் துணி.
பருத்தி இந்தப் பக்கம். பட்டன் டப்பாவில்.

இன்று ஒரு மெத்தை விரிப்பு,
ஒட்டுப்போட்டுத் தைத்தது, நூறு வருஷமாவது இருக்கும்.
கட்டத்துக்குக் கட்டம் ஊதாப்பூ,
இலையெல்லாம் முள்.
பிரம்மதண்டு என்கிறாள் தில்ஷாத்.
அது மஞ்சளாச்சே என்கிறாள் எஸ்தர்,
தண்டவாளத்தோரம் தினம் பார்க்கிறவள்.
ஒண்ணாம் நம்பர் காட்டன், எண்ணெய் நல்லா உறிஞ்சும்,
ஹார்பர் ஒர்க்‌ஷாப்புக்கு வெட்டு
என்கிறார் மேஸ்திரி.

கத்தி ஓடுகையில் சுருக்கென்றது.
பூவுக்கு அடியில், பஞ்சுக்குள்,
துருவேறிய ஊசி.
காதில் இன்னும் அரையங்குல நூல்.

தேடியிருப்பாள் அவள்
விளக்கைத் தரையோடு பிடித்து,
பிள்ளைகளைக் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல்.
கிடைத்துவிட்டதென்று
எந்த ஊருக்குச் சொல்லியனுப்ப?

தில்ஷாத் விரலைச் சப்புகிறாள்.
அரைநாள் கூலி போனாலும் பரவாயில்லை,
போய் ஒரு ஊசி போட்டுக்கோ
என்கிறாள் எஸ்தர்.