தலைக்கணக்கு

ரயில் நின்ற வருடமே தபாலாபீஸ் போயிற்று.
அப்புறம் வங்கி.
கார்விக் ஃப்ளாட்டில் மிஞ்சியது
ஒரு மதுக்கடை, என் ஆணிக்கடை,
ஊரைவிட நீளமான கல்லறைத் தோட்டம்.

தண்டவாளம் பெயர்த்த தடத்தில்
சைக்கிள் பாதை கேட்டு எழுதிய மனுவில்
ஆறு கையெழுத்து.
ஏழாவதாக டகல் பெட்ரி,
பென்சிலில், பெரிய எழுத்தில்: கூடாது.
"என் கதவைத் திறந்துபோட்டுப் போவான்கள்.
ஆடு கறக்கிற இடம் இது, ஐல்சா,
ஆடுகளம் இல்லை."

பாதை வந்தது. சாம்பல் நிறச் சரளை.
முதல் ஆள் நவம்பரில் வந்தாள்,
மழையில், பின்சக்கரம் செத்து.
ட்யூப் இருக்கிறதா?
என் கடையில் எல்லாம் உண்டு, அது தவிர.
ரப்பர் பூட்ஸுக்கு ஒட்டும் வட்டத் துண்டை
ஒட்டிக் கொடுத்தேன்.
சாப்பிட எங்கே போகலாம் என்றாள்.
என் மதியச் சாப்பாட்டில் பாதியை விற்றேன்.
கூச்சமாக இருந்தது.
விலையைக் குறைக்கவில்லை.

பாலத்து முனையில் ஒரு கம்பம் நட்டுப் போனது
மாவட்ட அலுவலகம்.
அதில் தீப்பெட்டி அளவு கண்.
குறுக்கே போவதை எண்ணும்.
ஆண்டுக்கு முப்பதாயிரம் தாண்டினால்
குடிநீர்க் குழாய், கழிப்பறை, விளக்கு.
தாண்டாவிட்டால் புல் முளைக்கட்டும்.
எண்ணைப் படித்து அனுப்புவது என் பொறுப்பு.

கடை வாசலில் நான் பார்த்தது
நாளைக்கு இரண்டு பேர், மூன்று பேர்.
கம்பம் சொன்னது இருநூற்றுப் பதினெட்டு.
ஏப்ரல். செவ்வாய்க்கிழமை. உறைபனி.

மறுநாள் விடியலில்
தெர்மாஸும் கையுமாகப் போய் நின்றேன்.
ஆறு ஐம்பதுக்கு டகலின் கதவு திறந்தது.
கறவைக் கொட்டகைக்குப் போகும் மந்தை
குறுகிய பாலத்தில் ஒற்றை வரிசையாயிற்று.
ஒவ்வொரு கம்பளி முதுகுக்கும்
கம்பம் மரியாதையாக ஒருமுறை கண் சிமிட்டியது.
பின்னால் நாய். அதற்கும்.
அதன் பின்னால் டகல்.

நூற்றாறு ஆடு, ஒரு நாய், ஒரு டகல்,
போக ஒருமுறை, வர ஒருமுறை.
மிச்சம் இரண்டு பேர் நிஜம்.

படிவத்தை எடுத்தேன்.
'கடந்தவை' என்றுதான் தலைப்பு இருந்தது.
'கடந்தவர்' என்று கேட்டிருந்தால்
பொய் சொல்ல வேண்டியிருக்கும்.
இருநூற்றுப் பதினெட்டு என்று எழுதி
ஸ்டாம்பை நக்கி ஒட்டினேன்.

குழாய் வந்தது. கழிப்பறை வந்தது.
தண்ணீர் இருக்கிறதென்று கேள்விப்பட்டு
மனிதர்களும் வந்தார்கள்,
சேறு தெறித்த முதுகுடன், பசியுடன்,
பைசா பார்க்காத பசி.
வங்கிப் பெட்டக அறையில்
இப்போது மெரியானாவின் கேக்குகள் தூங்குகின்றன.
நான் நான்கு அளவில் ட்யூப் விற்கிறேன்.
ஆணி கேட்டால்தான் தேட வேண்டும்.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன்.
ரோமம் கத்தரிக்கும் நைரியின் வாடகை வீட்டில்
வெள்ளைத் துண்டு மடித்து வைத்து
இரவுக்கு நூற்றைம்பது வாங்குகிறார்கள்.
நைரி பள்ளத்தாக்கு தாண்டிக் குடிபோனாள்.
அவளை எந்தக் கண்ணும் எண்ணவில்லை.

டகல் கதவருகே பாலாடைக்கட்டிப் பெட்டி வைத்திருக்கிறான்,
காசு போட ஒரு டப்பா.
மேலே பலகை: கதவைச் சாத்து.
கீழே, சின்னதாக: நன்றி.
அது அவன் மனைவியின் கையெழுத்து.

போன மாதம் கம்பத்துக்குப் புதுக் கண் போட்டார்கள்.
ஆளையும் ஆட்டையும் பிரித்தறியுமாம்.
அறுபத்தொன்று என்றது.
ஏப்ரல். செவ்வாய்க்கிழமை. உறைபனி.
அறுபத்தொன்று பேர்!
எனக்குக் கண் கலங்கிவிட்டது.
அலுவலகத்துக்கு வயிறு கலங்கிவிட்டது.
இவ்வளவு சரிவு ஏன் என்று போனில் ஒரு இளைஞன்.

ரிசீவரைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தேன்.
டகல் ஒரு தாழ்ப்பாளைத்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"கம்பளி கத்தரிக்கிற காலம்னு சொல்லு" என்றான்,
சில்லறையை எண்ணாமல் மேசையில் வைத்து.