காற்புள்ளிக்குப் பிறகு

காலை ஆறேகாலுக்கு எண் வரும்.
அதைப் பார்க்காமல் தேநீருக்குத் தண்ணீர் வைப்பதில்லை.
வேலையில்லாத மனிதனுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும்.

ஸ்வைபுருக்கன்: 146,2.
மிதுஷாவின் கணக்குக் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிக்
கடைசித் தாளிலிருந்து எழுதுகிறேன்.
முன்பக்கமிருந்து அவள் பின்னங்களோடு வருகிறாள்.
எங்கோ நடுவில் முட்டிக்கொள்வோம்.

இந்த நாட்டில் தசமத்துக்குக் காற்புள்ளிதான்,
வசனம் இன்னும் முடியவில்லை என்பதுபோல.

ஏழு நாளில், லட்சம் பேருக்கு எத்தனை பேர்?
அப்படித்தான் கேள்வி.
லட்சம் பேருக்கு எங்கள் ஊர் எங்கே போகும்?
முப்பத்து நாலாயிரத்துச் சொச்சம் தலைகள்,
பந்தயக் குதிரைகளைச் சேர்த்தாலும் காணாது.
ஆகவே இங்கே ஒருவர் இருமினால்
ஏறக்குறைய மூவர் இருமியதாகப் பதிவாகும்.

விட்டுவந்த நாட்டில்
வானொலி சொல்லும் எண்ணை மூன்றால் பெருக்கிக்கொள்வோம்.
இங்கே அரசாங்கமே பெருக்கித் தருகிறது.
நம்பிப் பழக எனக்கு ஒரு மாரிகாலம் பிடித்தது.

திங்கட்கிழமை எண்ணை மட்டும் நம்பக்கூடாது.
சனி ஞாயிறு அலுவலகம் பூட்டு.
கிருமிக்கும் லீவு.

ஹம்மிலிருந்து மச்சான் அழைக்கிறான்.
சுகமா, சாப்பிட்டாச்சா எல்லாம் போய்
'உங்கட எத்தினை?' என்றுதான் தொடங்குகிறான்.
எவருடையது கூடவோ அவர் குரலைத் தாழ்த்துகிறார்,
பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டதுபோல.

நூறுக்குக் கீழே ஐந்து வேலைநாள் நின்றால்
முற்றத்தில் மேசை போடலாம் என்று சட்டம்.
சல்வோ கதிரைகளைக் கழுவி அடுக்கியிருந்தான்.
குடைகளை விரித்துப் பார்த்துச் சுருக்கினான்.

96,5.
93,6.
90,6.
நாலாம் நாள் 99,4.
மயிரிழைதான், என்றாலும் கீழே.

இதற்கிடையில், இரண்டாம் நாள் மத்தியானம்
வெங்காயம் கருகியது.
அடுப்படியில் நின்றவன் நான்,
அடுத்த அறையிலிருந்து கத்தியவள் ரஜிதா.
சட்டியைப் பார்த்தேன்: கரி.
மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன்: ஒன்றுமில்லை,
வெறும் சூடு.

ஐந்தாம் நாள்: 102,3.

கழித்துப் பார்த்தேன்.
இரண்டு, காற்புள்ளி, ஒன்பது.
யாரோ நால்வர் போய் ஐவர் வந்திருக்கலாம்,
எண்ணில் பெயர் எழுதியிருக்காது, தெரியும்.
ஆனாலும் நெரிசல் படம் ஒன்றில்
தன் காதை மட்டும் கண்டுபிடிப்பவன்போல
அந்த இரண்டு, காற்புள்ளி, ஒன்பதை அடையாளம் கண்டேன்.

சல்வோ அழைத்தான்.
'எந்தக் கழுதை கடைசி நாளில் வந்து கெடுத்தது?'
தெரியாது என்றேன்.
குரல் அடைத்திருக்கிறதே என்றான்.
பனி என்றேன், மே மாதத்தில்.

கதவடியில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு
அன்றைய எண்ணை மிதுஷாவே கொப்பியில் ஏற்றினாள்.
இறங்கினால் பச்சை, ஏறினால் சிவப்பு.
அப்பாவைச் சிவப்பில் எழுதினாள்.

எட்டாம் நாள் கணக்கிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள்.
மாடிப்படி ஏறினால் இன்னும்
மூன்று பேருக்கு மூச்சு வாங்குகிறது.
கீழ்வீட்டு ஹெர் ஏக்கலை வேறு நிரலில் சேர்த்தார்கள்.
அந்த நிரலிலிருந்து எவரும் இறங்குவதில்லை.
அங்கே பெருக்கலும் இல்லை:
ஒருவர் என்றால் ஒருவர்.
அவருடைய சைக்கிள் இன்னும் படிக்கட்டின் கீழே,
பூட்டிய சாவி யாரிடம் என்று தெரியாமல்.

ஜூன், 20,5.
ரோஜாத் தோட்டம் திறந்தாயிற்று.
ஊரே முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிவிட்டுக் குனிகிறது.
நானும் ஒரு மஞ்சள் பூவிடம் குனிந்து,
வேண்டிய நேரமெடுத்து,
பக்கத்திலிருந்த கிழவர் பார்க்கிறார் என்பதற்காகத்
தலையை ஆட்டிவைத்தேன்.

சல்வோவின் முற்றத்தில் எல்லா மேசைக்கும் ஆள்.
இறக்குமுன் ஒவ்வொரு சட்டியையும் அவனிடம் நீட்டி
வாசம் சரியா பார் என்கிறேன்.
பார்த்துச் சொல்கிறான்.
ஏன் என்று இதுவரை கேட்கவில்லை.